சத்தமா, ஹாரனா, வெள்ளை ஹெல்மெட்டா: 600 வெள்ளியை எதில் போடுவது?

என் தங்கை மகனுக்குப் போன மாதம்தான் சிங்கப்பூரில் சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான 2பி உரிமம் கிடைத்தது. ஈசூனில் ஒருவரிடம் பழைய பல்சர் 200 ஒன்றை வாங்கி, நேராக என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். "மாமா, கையில இன்னும் 600 வெள்ளி இருக்கு. எக்ஸாஸ்ட் மாத்தப் போறேன். சத்தம் இருந்தாதான் கார்க்காரன் நம்மளக் கவனிப்பான்" என்றான். கூட வந்த நண்பன், "அதுக்கு எதுக்கு அவ்ளோ காசு? நல்ல ஹாரன் ஒண்ணு போட்டாப் போதும்" என்றான். மாடியிலிருந்து இறங்கி வந்த தங்கை, "அண்ணே, ரோட்டுல வேலை செய்றவங்க போடுவாங்களே பளபளன்னு, அதை வாங்கிப் போடச் சொல்லுங்க" என்றாள்.

மூன்று பேர், மூன்று யோசனை. இதே கேள்வியைத் துவாஸில் என்னோடு வேலை செய்யும் தம்பிகளும் கேட்டிருக்கிறார்கள், தேக்காவில் உணவு விநியோகத்துக்குக் காத்துநிற்கும் பையன்களும் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஓடும் வாகனங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுதான் மோட்டார் சைக்கிள். சாலை விபத்தில் இறப்பவர்களிலோ பாதிப் பேர் அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்கள். அதனால் இதை நின்றுகொண்டே பேசி முடிக்காமல் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, நம்மைக் கவனிக்க வேண்டியவர் எங்கே இருக்கிறார்? "பின்னால வர்றவன் இடிச்சிடுவானோ" என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஆபத்து பெரும்பாலும் வருவது முன்னாலிருந்துதான். ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் விபத்து நடந்த இடத்துக்கே போய், 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார். வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனக்காரர் வழிவிட வேண்டிய இடத்தில் விடாததால் நடந்தவை. எதிரே வந்த கார் குறுக்கே திரும்பியதுதான் அடிக்கடி நடந்த கதை. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதேதான் கிடைத்தது: மற்ற ஓட்டுநர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை.

அமெரிக்காவில் அது இடப்பக்கம் திரும்பும் கார். நமக்கு அது வலப்பக்கம் திரும்பும் கார். பச்சை அம்புக்குறி இல்லாமல், எதிரே வருவதைப் பார்த்து ஓட்டுநரே முடிவுசெய்து திரும்பும் சந்திப்புகள்தான் இங்கே நமக்கு எமன். 2018க்குப் பிறகு நிலப் போக்குவரத்து ஆணையம் அவற்றை ஒவ்வொன்றாகச் சிவப்பு அம்புக்குறிக்கு மாற்றத் தொடங்கியது. அது நமக்குச் செய்த பெரிய உதவி. ஆனால் கார்பார்க் வாசல், பெட்ரோல் நிலையம், சின்னத் தெரு எதிலும் அம்புக்குறி கிடையாது.

இரண்டாவது கேள்வி நேரம். மணிக்கு 60 கி.மீ. என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதல் வரை பெரும்பாலான ஓட்டிகளுக்குக் கிடைத்தது இரண்டு வினாடிக்கும் குறைவு என்கிறது ஹர்ட் அறிக்கை. இரண்டு வினாடி என்றால் 32, 33 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நாம் கொடுக்கும் சைகை என்ன சொல்கிறது? "எங்கேயோ ஒரு வண்டி இருக்கிறது" என்பது வேறு, "உனக்கு நேரே ஒருத்தன் வருகிறான், திரும்பாதே" என்பது வேறு. அப்புறம் விலை, சட்டம், வருடாந்தரச் சோதனை, அக்கம்பக்கம், நம் சொந்தக் காது. கடைசி நான்கையும் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

## சத்தமான எக்ஸாஸ்ட்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நானும் போட்டவன்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு ஹோண்டா சூப்பர் ஃபோர் இருந்தது. எக்ஸாஸ்டின் வாயில் சத்தத்தை அடக்கச் செருகியிருக்கும் டிபி கில்லரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து பாடும். பாதுகாப்புக்காகத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். என்னிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மாலை, அப்பர் சிராங்கூன் சாலையில் ஒரு வேன் எதிரிலிருந்து எனக்குக் குறுக்கே வலப்பக்கம் திரும்பியது. எப்படியோ நின்றுவிட்டேன், வேனின் கதவுக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம். வேன்காரர் கண்ணாடியை இறக்கி, கைகள் நடுங்கச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சாரி தம்பி, நீங்க கதவுகிட்ட வந்தப்புறந்தான் சத்தமே கேட்டுச்சு." அவருக்குக் காது மந்தமோ என்றுதான் அன்று நினைத்தேன். அவர் சொன்னது இயற்பியல் என்று பிறகுதான் புரிந்தது.

கணக்கு இதுதான். எக்ஸாஸ்டின் வாய் பின்னால் பார்த்திருக்கிறது. அதன் சத்தத்தை அரை மீட்டர் தூரத்தில் அளப்பது வழக்கம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபெல் குறையும். அரை மீட்டரிலிருந்து 32 மீட்டர் வரை ஆறு இரட்டிப்பு, அதாவது 36 டெசிபெல். அரை மீட்டரில் 100 டெசிபெல் அலறும் எக்ஸாஸ்ட், 32 மீட்டரில் 64 ஆகிவிடும். இது பின்பக்கம் நிற்பவருக்கு. முன்னால் நிற்பவருக்கு இன்னும் குறைவு. கண்ணாடி ஏற்றிய கார் அதிலிருந்து இன்னொரு 20, 25 டெசிபெல்லைத் தின்றுவிடும். மிஞ்சுவது 40. காருக்குள் ஏசியும் ஒலி 96.8 வானொலியும் சேர்ந்து 60 டெசிபெல் போட்டுக்கொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் யார் கண்ணாடியை இறக்கி ஓட்டுகிறார்கள்?

ஆக, அந்த முக்கியமான இரண்டு வினாடியில் எதிர்க்கார்க்காரருக்கு நம் எக்ஸாஸ்ட் கேட்காது. நாம் கடந்துபோன பிறகு நன்றாகக் கேட்கும். நம்மைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படும் சத்தம் அது.

சரி, எங்கேயுமே உதவாதா? உதவும், அதையும் சொல்ல வேண்டும். பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் கார்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது தூரம் நான்கு மீட்டர்தான். அதே கணக்கைப் போட்டால் வெளியே 82, காருக்குள் 60 பக்கம். கேட்கும். கம்பெனி எக்ஸாஸ்ட் அந்த இடத்தில் கேட்காது. திடீரென்று தடம் மாற நினைக்கும் கார்க்காரர் ஒரு நொடி தயங்க அது காரணமாகலாம். தினமும் காலையில் மலேசியாவிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்தில் ஊர்ந்து வரும் நண்பர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காருக்குள் இருப்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. தாழ்ந்த உறுமல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்ததும் எல்லாப் பக்கமும் பரவிவிடும். இடக் கண்ணாடியைப் பார்ப்பதா, வலக் கண்ணாடியைப் பார்ப்பதா?

இனி மறைந்திருக்கும் செலவு. எக்ஸாஸ்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இல்லாமல் மாற்றிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரு மடங்கு. வண்டிக்கு மூன்று வயதானால் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் பழைய எக்ஸாஸ்டைத் திரும்ப மாட்டி, சோதனை முடிந்ததும் மறுபடி கழற்றுவார்கள். பட்டறைக்கு இரண்டு தடவை கூலி. மிச்ச நாளெல்லாம் பழையது எங்கே இருக்கும்? மூன்றறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், கட்டிலுக்கு அடியில், தீபாவளிப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில். என் மனைவி அதை எத்தனை வருடம் பொறுத்துக்கொண்டாள் என்று எண்ணிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒப்புதல் இல்லாத மாற்றத்தோடு விபத்தில் மாட்டினால் காப்பீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அக்கம்பக்கம். எதிரெதிரே நிற்கும் இரண்டு புளோக்குகளுக்கு நடுவே காலை ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்பினால், சத்தம் சுவருக்குச் சுவர் மோதிப் பன்னிரண்டாவது மாடி வரை ஏறும். நான்காவது மாடிப் பாட்டி ஒருநாள் லிஃப்டில் என்னிடம் எதையும் திட்டவில்லை. "நீ கிளம்புற சத்தத்துலதான்பா நான் தினமும் எழுந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே டிபி கில்லரைத் திரும்ப மாட்டினேன்.

## ஹாரன்

இதே கணக்கை ஹாரனுக்குப் போட்டால் கதை மாறுகிறது. ஹாரன் முன்னால் பார்த்திருக்கிறது, அதுவே பாதி வெற்றி. இரண்டு மீட்டரில் 105 டெசிபெல் கொடுக்கும் ஹாரன் 32 மீட்டரில் 81 ஆகும், காருக்குள் 55 முதல் 60. ஏசிச் சத்தத்தோடு மல்லுக்கு நிற்கும் அளவு. 16 மீட்டரில் தெளிவாகவே கேட்கும். அதன் சுரம் எஞ்சின் சத்தத்தோடு கலக்காது என்பதால் காது பிரித்தெடுத்துவிடும். சின்ன வண்டிகளோடு வரும் ஹாரன் பல நேரம் 95 பக்கம்தான் இருக்கும், கன்றுக்குட்டி கத்துவதுபோல. அதை மாற்றினால் கிடைக்கும் அந்த 10 டெசிபெல் வீண் இல்லை.

சட்டம் இங்கே எளிது. ஒரே சுரத்தில் ஒலிக்கும் ஹாரனாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று சுரத்தில் பாடுவது, சைரன் போல ஊளையிடுவது எல்லாம் கூடாது. ஜோகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாட்டுப் பாடும் ஹாரனை வாங்கி வராதீர்கள். விலை 50 வெள்ளிக்குள் முடியும். பெரிய ஹாரன் அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் ரிலே (துணைச் சுவிட்ச்) ஒன்று போட்டு, தனி ஃபியூஸோடு இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய வண்டியின் சுவிட்ச் கருகிவிடும். இதுதான் அதன் மறைந்த செலவு.

பெரிய மறைந்த செலவு இன்னொன்று உண்டு, அதைக் கடையில் வாங்க முடியாது. தமிழ்நாட்டில் லாரியின் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்றே எழுதி வைத்திருப்பார்கள். மதுரையில் ஹாரன் என்பது "நான் இருக்கேன்" என்று சொல்லும் மரியாதை. இங்கே ஹாரன் என்பது திட்டு. அடிக்கடி கேட்காத சத்தம் என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அது லாபம். ஆனால் ஹாரன் அடி வாங்கியவர் அடுத்த சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்கி வம்புக்கு வருவார், அது நஷ்டம். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிகள் முதல் ஒரு மாதம் இந்தக் குழப்பத்தில்தான் மாட்டுகிறார்கள். சின்னதாக ஒரு தட்டுத் தட்டுங்கள், நீட்டி அழுத்தாதீர்கள். சும்மா அடித்தால் அபராதமும் உண்டு.

இன்னொரு சங்கடம், கட்டைவிரல். சில ஹோண்டா வண்டிகளில் ஹாரன் பொத்தான் மேலேயும் இண்டிகேட்டர் கீழேயும் இருக்கும், மற்ற பல வண்டிகளில் நேர்மாறு. வண்டி மாற்றிய புதிதில் ஆபத்து நேரத்தில் ஹாரன் என்று நினைத்து இண்டிகேட்டரைத் தட்டியவர்களில் நானும் ஒருவன். இரண்டு வினாடியில் அரை வினாடி பொத்தானைத் தேடுவதிலேயே போனால், பிரேக் பிடிக்கக் கிடைக்கும் தூரத்தில் எட்டு மீட்டர் போச்சு. அதனால் என் வரிசை எப்போதும் பிரேக் முதலில், விரல் தானாகப் போனால் ஹாரன்.

ஹாரன் ஜெயிக்கும் இடங்கள்: கார்பார்க்கிலிருந்து பின்னோக்கி வரும் கார், பக்கத்துத் தடத்திலிருந்து மெல்ல நம் மேல் சாயும் லாரி, போனைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கும் ஆள். மூன்றிலும் வேகம் குறைவு, தூரம் குறைவு, ஆள் யார் என்று தெளிவு.

## பளிச்சிடும் மேலாடை, வெள்ளை ஹெல்மெட்

என் தங்கை சொன்னது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று மருமகன் சிரித்தான். ஆனால் மூன்று யோசனையில் ஆய்வு துணைக்கு நிற்பது இதற்குத்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் விபத்தில் அடிபட்ட ஓட்டிகளையும் அடிபடாத ஓட்டிகளையும் ஒப்பிட்டு 2004இல் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடுப்புப் போட்டவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 37 விழுக்காடு குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 விழுக்காடு குறைவு. சாதாரணச் சட்டையின் நிறத்துக்கோ வண்டியின் நிறத்துக்கோ அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. மேலாடை போடுகிறவர் இயல்பிலேயே நிதானமானவராக இருப்பாரே என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் அதற்கும் கழித்துத்தான் பார்த்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் கழித்தே நம்புகிறேன். அப்படியும் 20 வெள்ளி மேலாடைக்கு இது மோசமில்லை.

இதில் இரண்டு சரக்கு இருக்கிறது, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மஞ்சள்பச்சை நிறத்தில் எரிவதுபோல இருக்கும் துணி பகலிலும் அந்தி மங்கலிலும்தான் வேலை செய்யும், சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்தான் அதற்குத் தீனி. இரவில் அது வெறும் வெளிர் துணி. சாம்பல் நிறப் பட்டை இரவில்தான் வேலை செய்யும், அதுவும் கார் விளக்கு அதன் மேல் விழுந்தால்தான். குறுக்கே திரும்பக் காத்திருக்கும் காரின் விளக்கு நம் மேல் நேராக விழாது. அதனால் சந்திப்பில் பட்டையின் பலன் குறைவு, பின்னால் வருபவருக்குத்தான் அது பலன்.

உணவு விநியோகிக்கும் தம்பிகள் ஒன்றைக் கவனியுங்கள். முதுகில் பெரிய பையை மாட்டியதும் மேலாடையின் பின்பக்கம் முழுக்க மறைந்துவிடுகிறது. பையின் மேலேயே பட்டையை ஒட்டுங்கள்.

குறைகளும் உண்டு. 33 டிகிரி வெயிலில் இன்னொரு அடுக்குத் துணி. ஆறேழு மாதத்தில் வெயிலே அதன் நிறத்தை வெளுத்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். சாலைப் பணியாளர், கட்டுமான ஊழியர், பாதுகாவலர் எல்லாரும் அதே நிறத்தில் இருக்கும் ஊரில் கண் பழகியும் போகும். மழைக்கோட்டைப் பெரும்பாலோர் கறுப்பில் வாங்குகிறார்கள். நவம்பர், டிசம்பர் மழையில், கார்க்காரருக்கு எதுவும் தெரியாத அந்த நேரத்தில்தான் மேலாடைக்கு மேல் கறுப்புக் கோட்டு ஏறுகிறது. மஞ்சளில் வாங்குங்கள்.

ஹெல்மெட்டில் அங்கீகார ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எப்படியும் ஹெல்மெட் வாங்கப்போகிறோம், வெள்ளைக்குத் தனி விலை கிடையாது. தலை உயரத்தில் இருக்கிறது, கார்களின் கூரைக்கு மேல் தெரிகிறது. கறுப்புதான் அழகு என்கிறான் மருமகன். இருக்கலாம்.

## விளக்கு

பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் இங்கே 1995 நவம்பரில் வந்தது. அதன் பிறகு உயிரிழப்பும் கடுங்காயமும் ஏற்படுத்தும் விபத்துகள் குறைந்தன என்று ஓர் ஆய்வு காட்டியது. எனவே இந்தப் பலன் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ஆனால் இப்போது கார்களுக்கும் பகல் விளக்கு வந்துவிட்டதால், விளக்கு எரிவது மட்டும் நம்மைத் தனித்துக் காட்டாது.

இரவில் ஒற்றை விளக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிரே கார் வந்தால் அதன் இரண்டு விளக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமாவதை வைத்துத்தான் வேகத்தைக் கண் ஊகிக்கிறது. ஒற்றை விளக்கில் அகலமாக எதுவும் இல்லை. தூரத்தில் மெதுவாக வருகிறது என்றே தோன்றும். கூடுதல் விளக்குப் போட்டால் முக்கோணமாகத் தெரியும், நல்லதுதான். மின்னி மின்னி எரிவதும் நீலமும் சிவப்பும் கூடாது. ஹாலஜனுக்கான கூண்டில் மலிவான எல்இடி பல்பைச் செருகுவது அதைவிட மோசம். ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், கண் கூசியவருக்கு நம் தூரம் தெரியாது. பழைய பல்சருக்கு முதலில் செய்ய வேண்டியது மஞ்சளான விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது. பத்து வெள்ளிப் பசை போதும்.

உயர் ஒளியைத் தட்டிக் காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் "நான் வருகிறேன், திரும்பாதே" என்று தட்டுவோம். எதிரே இருப்பவர் "நீ போ" என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். நான் சந்திப்பில் தட்டுவதை விட்டுவிட்டேன்.

## காசில்லாத வழி: நிற்கும் இடமும் இரண்டு விரலும்

இதுவும் யாரும் கேட்காத யோசனை. எனக்கு வாக்குரிமை இருந்தால் இதற்குத்தான் போடுவேன்.

நேராக நம்மை நோக்கி வரும் சின்னப் பொருள் அசையாததுபோலவே கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால்தான் பின்னணியிலிருந்து பிரியும். சந்திப்பை நெருங்கும்போது, திரும்பக் காத்திருக்கும் காரைப் பார்த்ததும், தடத்துக்குள்ளேயே மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகருங்கள். பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சந்திப்பைக் கடக்காதீர்கள். பேருந்து போனதும் வழி காலி என்று எதிர்க்காரர் திரும்புவார், அந்தக் காலி இடத்தில்தான் நாம் இருப்போம்.

இரண்டு விரல் பிரேக் நெம்புகோல் மேல் இருக்கட்டும். 60 கி.மீ. வேகத்தில் காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க 20 மீட்டர் ஆகும். அதற்கு முன், பிரேக் பிடிக்கும் வரை வண்டி ஓடும் தூரம் இருக்கிறது. விரல் பிடியில் இருந்து எடுத்துப் பிடிக்க ஒரு வினாடி என்றால் 17 மீட்டர், மொத்தம் 37. விரல் தயாராக இருந்து அரை வினாடியில் பிடித்தால் மொத்தம் 28. நம்மிடம் இருந்தது 32, 33 மீட்டர். ஒன்றில் மோதுகிறோம், இன்னொன்றில் நிற்கிறோம். எந்த எக்ஸாஸ்டும் எனக்கு ஒன்பது மீட்டர் வாங்கித் தந்ததில்லை.

இதற்கும் செலவு உண்டு: கவனம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு அது மலிவான சரக்கு இல்லை. அதனால்தான் மேலாடையும் வேண்டும் என்கிறேன், நாம் அசந்திருக்கும்போதும் அது வேலை செய்யும்.

## ஒரே பார்வையில்

| | 32 மீட்டரில் எதிரே இருப்பவருக்கு | நெரிசலில் பக்கத்தில் இருப்பவருக்கு | கைவிட்டுப் போகும் காசு | சட்டச் சிக்கல் | மற்ற தொல்லை |
|---|---|---|---|---|---|
| எக்ஸாஸ்ட் | கேட்காது | கேட்கும், திசை தெரியாது | சில நூறு வெள்ளி, பட்டறைக் கூலி தனி | ஒப்புதல் வேண்டும் | பாட்டி, காது, கட்டிலடி |
| ஹாரன் | ஓரளவு கேட்கும் | நன்றாகக் கேட்கும் | 50 வெள்ளிக்குள் | ஒரே சுரம் என்றால் இல்லை | சண்டை வரலாம் |
| மேலாடை, வெள்ளை ஹெல்மெட் | தெரியும் | கண்ணாடியில் பார்த்தால் தெரியும் | மேலாடை 20, ஹெல்மெட் எப்படியும் வாங்குவது | அங்கீகார ஒட்டி | வியர்வை |
| விளக்கு | தெரியும், தூரம் பிடிபடாது | தெரியும் | 10 முதல் 150 வரை | நிறமும் மின்னுவதும் | கண் கூச்சம் |
| இடம், விரல் | தெரியும், தெரியாவிட்டாலும் நிற்கலாம் | உதவும் | இல்லை | இல்லை | களைப்பு |

## யாருக்கு எது

புதிதாக ஓட்டுபவர் எக்ஸாஸ்ட் பக்கமே போக வேண்டாம். வெள்ளை ஹெல்மெட், மேலாடை, மஞ்சள் மழைக்கோட்டு, அப்புறம் மீதிக்கு ஹாரன்.

இரவில் வீவக பேட்டைகளுக்குள் சாப்பாடு கொண்டுபோகும் தம்பிக்கு ஹாரனும் பைமேல் பட்டையும் முதலில். அவருக்கு வரும் ஆபத்து பின்னோக்கி வரும் கார், சைக்கிள், குழந்தை. இரவு பதினொரு மணிக்கு அவர் சத்தமான வண்டியில் வந்தால் வாடிக்கையாளரே புகார் செய்வார்.

தினமும் பாலம் தாண்டி வருபவருக்குத்தான் எக்ஸாஸ்டின் வாதம் கொஞ்சமாவது பொருந்தும். அவருக்கும் நான் சொல்வது: கார்களுக்கு நடுவே போகும் வேகத்தைக் குறைத்தால் அதே பலன் கிடைக்கும். போக வர இரண்டு மணி நேரம் அந்த உறுமலைக் கேட்கும் காது அவருடையதுதான். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 94இல் ஒரு மணி நேரம். விரைவுச்சாலையில் ஹெல்மெட்டுக்குள் வீசும் காற்றே அந்த அளவைத் தொடும், அதற்கு மேல் எக்ஸாஸ்ட்.

பெரிய வண்டி வைத்திருக்கிறேன், அந்தச் சத்தம் பிடிக்கும் என்பவரிடம் எனக்கு வாதமே இல்லை. எனக்கும் பிடிக்கும். ஒப்புதல் பெற்றதை வாங்குங்கள், காலை ஐந்து மணிக்கு புளோக்குக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய்க் கிளப்புங்கள், பாதுகாப்புக்காக என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியும்.

மருமகன் கடைசியில் என்ன செய்தான் என்றால், வெள்ளை ஹெல்மெட் வாங்கினான், 160 வெள்ளி. மேலாடையைத் தங்கையே வாங்கிக்கொடுத்துவிட்டாள். ஹாரனுக்கு 45. மீதிப் பணத்தோடு காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குப் போனவன், மெக்கானிக் காட்டிய முன் டயரைப் பார்த்துவிட்டு இரண்டு டயரையும் மாற்றிக்கொண்டு வந்தான். டயர் என் பட்டியலிலேயே இல்லை. வண்டியைப் பார்த்த அன்றே நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.